சர்ச்லைட்டின் தண்டில் நின்றவர்

போன வாரம் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். பென்ஷன் வாங்கியவனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது, படுத்தால் இடுப்பு வலிக்கிறது; நடந்தால் இரண்டும் சேர்ந்து வலித்தாலும் பொழுதாவது போகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் புது சர்ச்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் காலத்துக்குப் பிறகு எந்திரம் பூட்டும் வேலைக்குச் சேர்ந்த பிட்டர்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: “அண்ணே, பழைய லைட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆளு எந்நேரமும் நிக்கணுமாமே. அப்படி நின்னு என்னதான் செய்வீங்க?”

ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம் என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டியதுதான். பாதி ஆயுளை ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்தே கழித்தவனைக் கண்டால் எனக்கே சிரிப்பு வரும். அன்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் அப்பா இந்த மலாய் நாட்டுக்கு, கிள்ளான் ரயில் பாதையில் தண்டவாளம் போட வந்தவர். அண்ணன் சூசையும் அதே வேலைக்குப் போய், பாதை பழுது பார்க்கும் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி, ஆனான். என்னை வெயிலில் விடக்கூடாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே மின்சாரப் பட்டறையை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் கனகசபையிடம் என்னை அழைத்துக்கொண்டு போய், தம்பிக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் ஐயா என்று விடாமல் கெஞ்சி உள்ளே தள்ளிவிட்டவன் அவன்தான். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் சார்ஜ்மேன் வீட்டுக்குப் போய், கூரை ஒழுகினால் அடைத்துக் கொடுப்பான், வேலி சாய்ந்தால் நிமிர்த்திக் கொடுப்பான். இருவருக்கும் நல்ல பழக்கம். நான்தான் அந்த வீட்டு வாசலில் நின்றே பேசிவிட்டு வருவேன். எனக்கு அவரிடம் பயம்.

டைனமோவும் மோட்டாரும் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் அடி வாங்கித்தான் படித்தோம். பெரிய யுத்தம் தொடங்கியபோது துறைமுகக் காவலுக்கென்று சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய சர்ச்லைட் வந்து சேர்ந்தது. அங்கே கழித்துக்கட்டியதை இங்கே அனுப்பிவிட்டார்கள். தொண்டர்படைத் துரைமாருக்குத் துப்பாக்கி தெரியும், விளக்கு தெரியாது. டைனமோ தெரிந்தவர்கள் ரயில்வேக்காரர்கள் என்று எங்கள் தலையில் கட்டினார்கள். கனகசபை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, விளக்குக்கு என்னைப் போட்டார்.

ஆள் நுழைந்து உட்காரும் அளவுக்குப் பெரிய இரும்பு உருளை அது. பின்னால் வெள்ளி பூசிய குழிக் கண்ணாடி. முன்னால் ஒரே கண்ணாடியாக மூடினால் சூட்டில் தெறித்துவிடும் என்று பட்டை பட்டையாகக் கண்ணாடித் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். நடுவில் இரண்டு கரிக்கோல்கள். கார்பன் என்போம். ஒன்று பருமன், ஒன்று மெலிவு. கரண்டைக் கொடுத்து இரண்டின் முனையையும் முட்டவிட்டு, உடனே கொஞ்சம் பிரிக்க வேண்டும். நடுவில் பிடிக்கிற நெருப்புத்தான் வெளிச்சம். கிட்டே இருந்தால் சீறும். தள்ளிப் போனால் உறுமிக்கொண்டு தீ நாக்கு மேலே ஏறும். சரியான இடத்தில் இருந்தால் ஒரு சத்தமும் வராது. ஆனால் கார்பன் எரிந்து குறைந்துகொண்டே போகுமே, அதனால் யாராவது பக்கத்தில் நின்று திருகித் திருகி நெருக்கிக்கொடுக்க வேண்டும். பருமனானது சீக்கிரம் கரையும், மெலிந்தது மெல்லக் கரையும், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. நெருப்பு கண்ணாடியின் சரியான மையத்தில் இல்லாவிட்டால் வெளிச்சம் கூட்டமாகப் போகாமல் சிதறிவிடும்.

அந்த நெருப்பை நேரே பார்க்கக்கூடாது. பார்த்தவனுக்கு மறுநாள் கண்ணில் மணலை அள்ளிப்போட்ட மாதிரி இருக்கும், இமை திறக்காது. அதற்காக உருளையின் பக்கத்தில் சின்னத் துளை ஒன்றும், அதன் எதிரே தேய்த்த கண்ணாடி ஒன்றும் இருக்கும். நெருப்பின் படம் தலைகீழாக அதில் விழும். கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு. பருமனான கார்பனின் நுனி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், அதுதான் என் வேலை. வெளிச்சம் எங்கே போகிறது, எதன்மேல் விழுகிறது என்று எனக்குத் தெரியாது. உருளைக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு வெளிச்சத்தின் அடிப்பகுதிதான் தெரியும். பூச்சியும் தூசியும் அதில் பட்டு வெள்ளைச் சுவர் மாதிரி கண்ணை அடைத்துவிடும். அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பதைப் பார்ப்பவன் வேறு ஆள். உருளையிலிருந்து பக்கவாட்டில் ஒரு நீளத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தை விட்டு விலகி இருட்டில் நிற்பான். தண்டை அசைத்தால் உருளை திரும்பும். பார்ப்பதும் திருப்புவதும் அவன் பொறுப்பு. எங்கள் பட்டறையில் அந்தக் காலத்தில் அந்தத் தண்டைக் கனகசபையைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்காது. கத்த மாட்டார், வைய மாட்டார். தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். நாமாகவே தப்பைக் கண்டுபிடிக்கும்வரை நகர மாட்டார். அதற்கு நாலு அறை வாங்கலாம். கண்ணாடியை அவரே துடைப்பார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த மல் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுப்பார், வட்டமாகத் தேய்க்கவே மாட்டார். இந்த ஊர் ஈரத்தில் வெள்ளிப்பூச்சு பூசணம் பிடித்துவிடும் என்று உருளைக்குள் சின்ன பல்பு ஒன்றை எப்போதும் எரியவிடச் சொல்வார். கார்பன் ஈரமாக இருந்தால் பொரிந்து தெறிக்கும். அதனால் பெட்டியை எஞ்சின் பக்கத்தில் வைத்துக் காயவைக்க வேண்டும். முன்கதவை மழையில் திறக்கக்கூடாது, சூட்டுக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தால் போயிற்று. எனக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று: “நீர் கோட்டைப் பாரும். மற்றதை நான் பாக்கிறன்.”

யுத்தம் முடிந்தது. துறைமுகத்துக்கு ஒரு எதிரிக் கப்பலும் வரவில்லை. விளக்கைக் கொண்டுவந்து பிரிக்பீல்ட்ஸ் கொட்டகையில் போட்டார்கள். தொண்டர்படைப் பயிற்சிக்கு எப்போதாவது வெளியே எடுப்போம். அப்படியே துருப்பிடித்து முடிந்திருக்க வேண்டியது. பெரிய வெள்ளம் வந்து அதை எழுப்பிவிட்டது.

அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் ரயில் மேடு மட்டும் தண்ணீருக்கு மேலே கிடந்தது. அக்கரையில் தாழ்வாக இருந்த கூலி லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் கூரையில் ஏறிவிட்டார்கள். பாக் மாட் என்ற மலாய்க்காரர் தன் சம்பான் படகைக் கொண்டுவந்தார். பகலெல்லாம் ஏற்றி இறக்கினார். பொழுது சாயும்போது கடைசிக் கூரையில் செல்லம்மா என்ற பெண்ணும் அவள் தாயாரும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் மிச்சம். ஆற்றில் மரக்கட்டையும் தகரமும், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையும் அடித்துக்கொண்டு வந்தன. இருட்டில் போனால் படகு உடைந்துவிடும், வெளிச்சம் இருந்தால் போகிறேன் என்றார் பாக் மாட்.

தட்டை வேகன் ஒன்றில் விளக்கையும், அடுத்ததில் எஞ்சினையும் டைனமோவையும் ஏற்றி மேட்டில் நிறுத்தினோம். நான் கோட்டில் நின்றேன். கனகசபை தண்டைப் பிடித்துக்கொண்டு சரளைக் கல்லில் நின்றார். ஆற்றோட்டத்தில் கீழே இருந்த பாலத்தில் கயிறுகளோடு ஆட்கள் நின்றார்கள், யாராவது அடித்துக்கொண்டு வந்தால் வீசுவதற்கு. மழை விட்டிருந்தது. அண்ணன் எங்கே என்று நான் யோசிக்கவில்லை. காலையிலேயே கூட்டத்தோடு, ஆறு வரும் திசையிலுள்ள மேல்பாதையைப் பார்க்கப் போயிருந்தான், பத்திரமாக இருப்பான் என்று நினைத்தேன்.

படகு போனதையும் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பியதையும் மேட்டில் நின்றவர்களின் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். தலைகீழ் நெருப்பும் சிவப்புக் கோடும்தான் என் கண்ணில். கார்பன் நன்றாக எரிந்தது, சீறல் இல்லை. அப்போது உருளை என் தோளில் இடித்து இடப்பக்கம் திரும்பியது. ஆற்றின் போக்கில் மெல்லப் போயிற்று, எதையோ தொடர்கிற மாதிரி. மேட்டில் நின்றவர்கள் படகு படகு என்று கத்தினார்கள். ஆற்றிலிருந்து ஒரு பெண் அலறினாள். உருளை நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி, பழைய இடத்துக்கு வந்து, படகு கரை சேரும்வரை அசையவில்லை.

விளக்கை அணைத்த பிறகு, என்ன ஐயா அந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டேன். கட்டை என்றார். கையுறையைக் கழற்றாமலே நடந்து போய்விட்டார்.

மேல்பாதையில் மண் சரிந்து அண்ணனின் கூட்டம் ஆற்றில் விழுந்தது என்று மறுநாள் வந்து சொன்னார்கள். மற்றவர்கள் மரத்தைப் பிடித்துக் கரையேறிவிட்டார்கள். அண்ணன் உடல் தண்ணீர் வடிந்த பிறகு கிடைத்தது, பாலத்துக்கும் கீழே, வளைவில். கனகசபை வந்தார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்துக் கல்லறைவரை நடந்தார். வெள்ளைக் கால்சட்டையெல்லாம் சேறு.

உருளை என் தோளை இடித்த இடம் அதற்குப் பிறகு மனசை விட்டுப் போகவில்லை. கட்டைக்கு யாராவது விளக்கைத் திருப்புவார்களா? திருப்பினாலும் அதைத் தொடர்ந்து போவார்களா? கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை அவர் மேசைவரை போனேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டேன். என்னையும் தண்டில் நிற்கவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அடுத்த பயிற்சிக்கும் கேட்டேன். “உமக்குக் கோடுதான்” என்றார். எனக்குப் பின்னால் வந்த அவர் ஊர்ப் பையன் ஒருவனைத் தண்டில் நிறுத்திப் பழக்கினார். எனக்கு வயிறெரிந்தது. பாதையில் கூலி வேலை செய்தவன் மகன் என்றுதானே, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகாதவன் என்றுதானே என்று வீட்டில் வந்து கத்துவேன். அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் மாலை போட்டார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு, டீகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

என் கடைசி வருடத்தில்தான் புது விளக்கு வந்தது. மறுபடி யுத்தம் வரும் என்று பேச்சு, ஆகாயக் கப்பலைத் தேடும் விளக்கு வேண்டும் என்று தருவித்திருந்தார்கள். பருமனான கார்பனை ஒரு குட்டி மோட்டார் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு பக்கமாகக் கரையாமல். எரிந்து குறைந்தால் சூடு இடம் மாறுவதை ஒரு தகடு உணர்ந்து தானாக முன்னால் தள்ளுகிறது. பின்னால் கண்ணாடிக்குப் பதில் உலோகம், தெறிக்காது. கோடு இன்னும் இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் தேவையில்லை. முதல் பயிற்சியை அதே ரயில் மேட்டில் வைத்தார்கள். விளக்கு பற்றியதும் நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் நின்றேன். தொண்டர்படைத் துரை என்னைப் பார்த்து, அங்கே நின்று என்ன செய்கிறாய், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், தண்டுக்குப் போ என்றார்.

போனேன். தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்று, முதல் முறையாக வெளிச்சம் போகிற வழியைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் இல்லை. ஆறு அப்படியே தெரிந்தது, புல் தனித்தனியாகத் தெரிந்தது. அக்கரை ஒற்றையடிப் பாதையில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். சரக்குக் கொட்டகைத் தங்கராஜு. சட்டையின் மேல் பொத்தான் இல்லை. அதுகூடத் தெரிந்தது. நடு ஆறு அதில் பாதித் தூரம்தான்.

துரை இடது பக்கம் திருப்பு என்று சொன்னது காதில் விழவில்லை, வேறொருவன் வந்து தண்டை வாங்கிக்கொண்டான். புது விளக்குக்கு வெளிச்சம் அதிகம், பழையதில் இவ்வளவு தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனம் ஒப்பவில்லை. அந்தச் சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

கனகசபை முன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார், ஆனால் வேட்டி அதே வெள்ளை. வாரும், இரும் என்றார். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். புது விளக்கைப் பற்றிச் சொன்னேன். சுழலும் கார்பன், தானாகத் தள்ளும் தகடு, உலோகக் கண்ணாடி, எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கிக் கேட்டார். அப்புறம் சொன்னேன்: “என்னைத் தண்டுல நிக்கவச்சாங்க ஐயா.”

தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். எவ்வளவு தூரத்தில் ஆள் தெரிந்தது என்று கேட்டார். அக்கரையில் தங்கராஜுவின் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவேயில்லை.

“பழைய விளக்கிலயும் அப்பிடித்தான் தெரியும்” என்றார். “உம்மட அண்ணைதான். சிலிப்பர் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு போனவர். நான் கண்டனான்.”

எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகவும் ஒரு பக்கம் பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. அவரே மெல்ல மெல்லச் சொன்னார். அண்ணனோடு வெளிச்சத்தைக் கொண்டுபோனால் பாலத்தில் நின்றவர்கள் கண்டு கயிறு வீசுவார்கள் என்று நினைத்துத்தான் திருப்பினாராம். இருட்டில் படகு ஒரு மரத்தில் இடித்ததும் பெண் அலறியது கேட்டிருக்கிறது. படகில் குழந்தைகள். இரண்டையும் பிடிக்க வெளிச்சத்துக்கு அகலம் போதாது.

“வெளிச்சத்தைத் திருப்பிற நேரம் அவர் கையைத் தூக்கினவர்” என்றார். “வெளிச்சம் கூசித் தூக்கினவரோ, என்னைக் கூப்பிட்டவரோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். என்னால் தாங்க முடியவில்லை. நான் தண்டில் நின்றிருந்தாலும் படகுக்குத்தான் திருப்பியிருப்பேன் ஐயா என்றேன்.

“இல்லைக் காணும். சொந்த அண்ணையை விட்டிட்டுத் திருப்ப ஒருத்தராலயும் ஏலாது. பிறகும் நீர் தண்டில நிண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஆத்தில அவரைத்தான் தேடியிருப்பீர். அதாலதான் உம்மை விடேல்லை.”

இத்தனை வருடம் அவர்மேல் நான் வளர்த்த வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. புறப்படும்போது வாசல்வரை வந்தார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் தொட்டதேயில்லை. அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உருளை இடித்த அதே தோள்.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கியபோது தெருவிளக்கு ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போக மனமில்லை. ரயில்வே கேட் பக்கத்தில் செல்லம்மா ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் படகில் வந்த அதே செல்லம்மாதான். அவள் கடையில் நான் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். வெள்ளத்தைப் பற்றி அவள் பேச வாயெடுத்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவளும் அண்ணன் போனதை நினைத்து விட்டுவிடுவாள். அன்று நானே கேட்டேன், அந்த வெளிச்சம் ஞாபகம் இருக்கிறதா என்று.

“மறக்குமா அண்ணே? மூஞ்சில வந்து அடிச்சதும் கண்ணு அப்படியே எரிஞ்சிருச்சு. எங்கம்மா, நான், புள்ளைங்க, எல்லாருமே கையத் தூக்கி மறைச்சுக்கிட்டோம்” என்று கரண்டியோடு கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். “படகு தள்ளுற பாக் மாட் மட்டும்தான் தூக்கல. அவருக்குக் கை ஒழியலயே.”

அவள் காட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கூசினால் யாரும் தூக்குகிற கை. ஏன் அண்ணே அழுவுறீங்க என்று கேட்டாள். புகை என்றேன். தட்டில் ஆப்பம் ஆறிப்போயிற்று.

முழங்கால் அன்று முழுக்கக் கெஞ்சியது. இருந்தாலும் மறுநாள் முதல் வண்டிக்கு ஸ்டேஷனில் போய் நின்று, மறுபடியும் கிள்ளானுக்கு டிக்கெட் கேட்டேன்.